கொதிகலனுக்கு வாங்கின கண்

சொல்லு பார்ப்போம். கண்ணு ஒண்ணுதான், இமை கிடையாது. இருட்டுக்குள்ள போறப்ப விளக்கைத் தானே தூக்கிக்கிட்டுப் போகும். பார்க்கறது ஒரு இடம், காட்டறது வேற இடம். அது என்ன?

என்னடா முழிக்கிறே. இத்தனை வருஷமா இந்த மேஜையில உக்காந்து அதைத்தானே ஒட்டிக்கிட்டிருக்கே. விடுகதை நான் போட்டதில்ல, உன் மருமக போட்டது. நேத்து சாயங்காலம் கட்டில்ல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு, தகரத்துல ஆணியால கீறற மாதிரி ஆயிடுச்சே அவ குரல், அந்தக் குரல்ல கேட்டா. கேமராக் குழாய்னு விடை சொன்னேன். சரின்னு தலையாட்டினா. அது இனிமே என் மூக்குக்குள்ள வராதுன்னு சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

நாளைக்குக் காலையில டாக்டர் பார்க்கணும். பார்த்தே ஆகணும். குரல் வர்ற இடத்துல என்னமோ முளைச்சிருக்கு. பெருசாச்சுன்னா குரலோட போகாது, மூச்சையே அடைக்கும்னு சொல்லிட்டாங்க. எட்டு வயசுப் பொண்ணு வாயையும் திறக்க மாட்டேங்கறா, மூக்கையும் தொட விட மாட்டேங்கறா. இதுதான் வீட்டு நிலவரம். கூடப் பொறந்த தம்பி போனை அணைச்சு வெச்சிட்டு இங்க ஒளிஞ்சிக்கிட்டா, அக்காக்காரி நேர்லதானே வந்து சொல்லணும்.

வேண்டாம், டீயெல்லாம் வேண்டாம். அந்த ஸ்டூல் மேல இருக்கிற கேபிள் சுருளை எடு, உக்கார்றேன். சால்டரிங் அயனைக் கீழே வை. சூடா எதையும் கையில வெச்சுக்கிட்டு என்கிட்டப் பேசாதே.

அது நீ செஞ்ச குழாய்னு யாரும் சொல்லல. யார் சொல்லணும்? நாலு நாளைக்கு முன்னாடி டாக்டரம்மா மூக்கு வழியா விட்டுத் தொண்டையைப் பார்க்கறப்ப, அவ திமிறினதுல குழாய் வெளிய வந்து என் மணிக்கட்டு மேல விழுந்துச்சு. சுட்டுச்சு. குழாய்க்குள்ள எட்டிப் பார்க்கறதுதானே என் பொழப்பும். கையில எடுத்து விளக்குக்கிட்டப் பிடிச்சுப் பார்த்தேன். முனையில இருக்கிற வளையத்துல பசை ஒரு பக்கமா தடிச்சிருந்துச்சு, கட்டை விரலால துடைச்ச தடத்தோட. என் பொம்மை காலை உடைச்சிட்டு அம்மாவுக்குத் தெரியாம ஒட்டிக் குடுத்தியே, அன்னைக்கும் இப்படித்தான் துடைச்சே. உன் கை எனக்குத் தெரியாதா.

அதுகூடப் போகட்டும். உள்ளே இருந்த கேமராவும் எனக்குத் தெரிஞ்சதுதான். நான் பொறுக்கி எடுத்தது. மின் நிலையத்துல கொதிகலன் குழாய் பார்க்கறதுக்குன்னு பத்து மாதிரி வரவழைச்சு, இது வேண்டாம் அது வேண்டாம்னு தள்ளி, கடைசியில எடுத்த மாட்யூல். அவங்க வேலையைப் பாதியில நிறுத்திட்டாங்க. மிச்சத்தை டப்பாவோட உன் அலமாரியில வெச்சேன். வெக்கிறப்பவே சொன்னேன், இது இரும்புக்கு, வேற எதுலயும் போட்டுடாதேன்னு. ம்னு தலையாட்டினே. உன் தலைக்கு ஆடத்தான் தெரியும்னு அன்னைக்கு எனக்குத் தோணல.

படம் பளிச்சுனு இருந்துச்சா. எதைக் காட்டிப் பார்த்தே? பரவாயில்ல, சொல்லு. ஜன்னல் வழியா எதிர் மாடியை. மாடியில காயற சட்டையில எத்தனை பித்தான்னு எண்ண முடிஞ்சுதா. ரொம்ப சந்தோஷம். ஒரு பிள்ளையோட மூக்குக்குள்ள மாடி எங்கடா இருக்கு?

குறுக்கே பேசாதே. கொதிகலன் குழாய்ல விரிசல் ரெண்டு சாண் தள்ளி இருக்கும், மூணு சாண் தள்ளி இருக்கும். அந்தத் தூரம் தெளிவாத் தெரியணும்னுதான் லென்ஸை அப்படிப் பூட்டி ஒட்டி வாங்கினேன். திருப்பி மாத்த முடியாத லென்ஸ் அது. மூக்குக்குள்ள சுவர் எவ்வளவு தூரம்? நகக்கண் அளவு. அவ்வளவு கிட்டத்துல அந்த லென்ஸுக்குக் கண்ணு தெரியாது. எல்லாம் பாலாடை மாதிரி மங்கலா இருக்கும். இது உனக்குத் தெரியாதுன்னு சொல்லு பார்ப்போம். தெரியும். தெரிஞ்சுதான் போட்டே. மெல்லிசா இருக்கு, உள்ளே நுழையும், அலமாரியில சும்மா கிடக்குன்னு போட்டே.

மங்கினா என்ன செய்வோம்? நீயும் நானும் என்ன செய்வோம்? வெளிச்சத்தை ஏத்துவோம். ஏத்திட்டு, ஆடாம அப்படியே கொஞ்ச நேரம் பிடிச்சுப் பார்ப்போம். டாக்டரம்மாவும் அதைத்தான் செஞ்சாங்க. அவங்க மேல தப்பு சொல்லாதே, பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவேன். பெட்டி மேல மூக்கு தொண்டைக்குன்னு படம் ஒட்டி வித்தவன் நீ. நம்பி வாங்கினவங்க அவங்க. அடுத்த நாளே வீட்டுக்கு வந்து அவ பக்கத்துல உக்காந்து மன்னிப்புக் கேட்டாங்க. அவங்க யாரு நமக்கு? கேக்கணும்னு என்ன? நீ தாய்மாமன். நீ வந்தியா.

அந்த வெளிச்சம் எங்கே இருக்கு? லென்ஸைச் சுத்தி, முனையிலயே. அரிசியில பாதி இல்லாத விளக்குங்க, ஆனாலும் விளக்கு விளக்குதானே. எரிஞ்சா சுடும். இரும்புக் குழாய்க்குள்ள விட்டா அந்தச் சூட்டை இரும்பு குடிச்சிடும். முழு வெளிச்சம் வெச்சு அரை மணி நேரம் சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல. கொதிகலனுக்கு நோகாது பாரு. மூக்குத் தோல் எதைக் குடிக்கும்? வெந்துதான் போகும். கட்டெறும்பு அளவுக்குத் தோல் உரிஞ்சு, கருத்து, மூணு நாள் அந்தப் பக்கமா மூச்சு விட முடியாம வாயைத் திறந்துக்கிட்டே தூங்கினா.

தொட்டுப் பார்த்தியா. எதால தொட்டே? அந்த விரலாலயா? காட்டு. சால்டரிங் பிடிச்சுப் பிடிச்சுக் காய்ச்சுப் போய் செருப்புத் தோல் மாதிரி இருக்கு. கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாம இறக்கறவன் நீ. அந்த விரல் உனக்குத் தெர்மாமீட்டர். எவ்வளவு நேரம் எரிய விட்டுத் தொட்டே? பட்டனை அமுக்கினேன், படம் வந்துச்சு, தொட்டேன், பெட்டியில போட்டேன். அப்படித்தானே. எரிய விட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்து தொட்டிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும். நாள் முழுக்க டீதானே குடிக்கிறே. அன்னைக்கு மட்டும் குடிக்கத் தோணலையா.

தண்ணி போகாதுன்னு சொல்லித்தான் குடுத்தியா. எந்தத் தண்ணி போகாது? மழைத் தண்ணி போகாது. ஆஸ்பத்திரியில ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவுல மருந்துல ஊற வெச்சுக் கிருமியைக் கொல்லணும். அந்த மருந்துல உன் பசை எத்தனை நாளைக்குத் தாங்கும்? நான் பார்த்தப்பவே கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிஞ்சிருந்துச்சு. ஏற்கெனவே பாதிக் குருடு, அதுக்கு மேல திரையும் போட்டு அனுப்பியிருக்கே. பாவம், டாக்டரம்மா வெளிச்சத்தை ஏத்தாம என்ன செய்வாங்க.

அவ அழுதா. பயத்துல அழுவறான்னு நினைச்சோம். எல்லாக் குழந்தையும் அழுவும்னு நர்ஸ் சொன்னாங்க, சொல்லிட்டுத் தலையைப் பிடிச்சாங்க. நான் கையைப் பிடிச்சேன். முடிஞ்சிடுச்சு கண்ணு, இதோ முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். உதறினா. இன்னும் இறுக்கிப் பிடிச்சேன்.

தலையை நிமித்து. அழுவறதா இருந்தா நான் போனப்புறம் அழு. எனக்கு இப்போ வேலை இருக்கு.

மத்ததெல்லாம் எங்கே? அந்த டப்பாவுல இருந்ததை வேற யார் யாருக்குக் குடுத்தே? மழுப்பாதே. மாட்டு வைத்தியருக்கு ஒண்ணு. சரி. அப்புறம். காது பார்க்கிற கிளினிக். காதுக்குமாடா? அப்புறம். கார் மெக்கானிக்குக்கு. அது இருக்கட்டும், எஞ்சினுக்கு நோகாது. மத்த ரெண்டு பேருக்கும் போன் போடு. இப்போ. என் முன்னாடி. என்ன சொல்றதுன்னு என்னைக் கேக்கறே பாரு. முனை சுடுது, எடுத்து வெச்சிடுங்க, உடம்புக்குள்ள விடாதீங்க, நானே வந்து வாங்கிக்கறேன்னு சொல்லு. நாக்கு சுளுக்கிக்காது.

போடு, கேட்டுக்கிட்டிருக்கேன்.

ம். அது என்ன, சின்னக் கோளாறுன்னு சொல்றே? சின்னக் கோளாறா? மறுபடியும் கூப்பிட்டுச் சரியாச் சொல்லு. மாட்டுக்கு வாய் இல்லைன்னா அதோட மூக்கும் உனக்கு இரும்பாயிடுமா.

சரி. காது கிளினிக்காரர் கோபப்படறாரா. படட்டும். நல்ல மனுஷனாத்தான் இருப்பார்.

இது என்ன, மேஜை மேல வேற வேற கேமராக் குழாயாப் பரப்பி வெச்சிருக்கே? நான் வருவேன்னு எதிர்பார்த்து எடுத்து வெச்சியா? நாலு நாளா இதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தியா. போன் எடுக்க முடியல, இது முடிஞ்சுது. கொண்டா. மானிட்டரைப் போடு. முதல்ல அந்தத் திரையைத் துடை, வாரக்கணக்கா தூசி.

இதை என் உள்ளங்கைக்கிட்டக் கொண்டு வா. இன்னும். நகம் உரசற தூரத்துக்கு. ரேகை தெரியுது. சரி, கிட்டப் பார்வை இருக்கு. இப்போ விரலை ஆட்டறேன், திரையைப் பாரு. விரல் நின்னப்புறம்கூட படத்துல ஆடிக்கிட்டிருக்கு. பின்னாடியே நொண்டிக்கிட்டு வருது. டாக்டர் ஒரு பக்கம் திருப்பினா படம் இன்னும் பழைய இடத்துலயே நிக்கும், முனை போய் எங்கேயாவது இடிக்கும். எடு அதை.

இந்த ரெண்டாவது மெல்லிசுதான். வாயில போட்டா நூடுல்ஸுன்னு நினைச்சுக்கலாம். ஆனா கம்பிக்கும் வெளிய இருக்கிற உறைக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. உறை கிழிஞ்சா கரண்டு எங்கே போகும்? ஈரமான மூக்குக்குள்ள போகும். இதையெல்லாம் சோதிக்கறதுக்குன்னு ஆளுங்க இருக்காங்கடா, கருவி இருக்கு, முத்திரை இருக்கு. உன் நாக்கு நுனியில வெச்சுப் பார்த்துட்டு சரியா இருக்குன்னு சொல்றதில்ல சோதனை.

அது என்ன, ஓரமா தள்ளறே? அதைக் காட்டு. வெளிச்சப் பெட்டி தனியா இருக்கு. வெளிய எரிஞ்சு, கண்ணாடி நூல் வழியா உள்ளே வருது. முனையில விளக்கே இல்ல. இரு, உதட்டுல வெச்சுப் பார்க்கறேன். பேசாம இரு, கொஞ்ச நேரம் ஆகட்டும்.

குளுகுளுன்னுதான் இருக்கு.

இது எப்போ வந்துச்சு? புதுசு இல்லையா. இந்த அலமாரியிலயேவா இருந்துச்சு? என் டப்பாவுக்குப் பக்கத்துலயா? அப்புறம் ஏன்டா இதைப் போடல? கேக்கறேன், சொல்லு. படம் இருட்டா, சின்னதா தெரியுது, வாங்கறவங்க முகம் சுளிச்சாங்க. பளிச்சுனு இருந்தா உடனே எடுத்துக்கிட்டாங்க. எதிர் மாடியைக் காட்டினியா அவங்களுக்கும்? காட்டியிருப்பே. சட்டைப் பித்தானைக் காட்டி என் பொண்ணு மூக்கைச் சுட்டிருக்கே.

நான் கத்தலையே. கத்தினா கீழ் வீட்டுக்காரங்க வந்து உனக்குப் பரிஞ்சு பேசுவாங்க. உன் மூஞ்சி அப்படி. சின்ன வயசுலருந்து இதே மூஞ்சியை வெச்சுத்தான் தப்பிச்சுக்கிட்டு வர்றே. அம்மா இருந்தவரைக்கும் உடைச்சது நீ, அடி வாங்கினது நான்.

இதை நாளைக்கு எடுத்துக்கிட்டுப் போறதா? எதுக்கு? வேண்டாம். டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரியிலருந்து முறையான கருவி வரவழைச்சிட்டாங்க. வெளிச்சம் வெளியிலருந்து வர்றது, கிட்டப் பார்வை உள்ளது, முத்திரை போட்டது. நான் போய் முனையைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் வந்தேன். ஒரு முறைக்கு ரெண்டு முறை எரிய விட்டுத் தொட்டேன். அவங்க நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாங்க. உன் கை பட்ட எதையும் அவ பக்கத்துல கொண்டு வர விட மாட்டேன். புரியுதா.

மயக்கம் குடுத்துப் பார்க்கலாமேன்னு எனக்கும் தோணுச்சு, கேட்டேன். குடுத்தா அவளுக்கு வலி தெரியாது, ஆனா டாக்டருக்கும் பாதி தெரியாது. ஆ சொல்லு, ஈ சொல்லுன்னு பேச வெச்சு, குரல்நாண் ரெண்டும் எப்படி அசையுதுன்னு பார்க்கணுமாம். தூங்கற பிள்ளை ஈன்னு சொல்லுமா. முளைச்சது அசைவைத் தடுக்குதா, சும்மா ஓரமா இருக்கான்னு பார்த்தாத்தான் கத்தி வெக்கணுமா, எங்கே வெக்கணும்னு முடிவு பண்ண முடியும். தப்பான இடத்துல வெச்சா ஆயுசுக்கும் தகரக் குரல்தான். அதனால முழிச்சுக்கிட்டு இருக்கணும், அவளா சம்மதிச்சு அசையாம உக்காரணும். பிடிச்சு அமுக்கற வேலை இனிமே நடக்காதுன்னு டாக்டரம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க.

அப்போ எதுக்கு வந்தேன்னுதானே பார்க்கறே. திட்டத்தான் வந்தேன். அது முடியலன்னா இன்னும் கொஞ்சம் திட்டுவேன்.

நாளைக்கு எட்டரை மணிக்குக் கிளினிக்குக்கு வந்துடு. குளிச்சிட்டு வா. கையில இருக்கிற இந்தப் பசையெல்லாம் சுரண்டிட்டு வா. காலையில எதுவும் சாப்பிடாதே, தண்ணிகூட வேண்டாம். உனக்கு ஏன்னு கேக்காதே, சொல்றதை முதல்ல கேளு.

நீதான் செஞ்சேன்னு அவகிட்டச் சொல்லிட்டேன். நேத்து ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வெச்சுக்கிட்டே சொன்னேன். அவ அப்பா என்மேல எரிஞ்சு விழுந்தார், குழந்தைகிட்டப் போய் இதைச் சொல்லணுமான்னு. சொல்லணும்னுதான் சொன்னேன். பின்ன என்ன? அந்த விடுகதையை விட்டா, நாலு நாளா என் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசல. நான் பக்கத்துல படுத்தா தலகாணியை எடுத்துக்கிட்டு அப்பா பக்கம் போயிடறா. சோறு ஊட்ட வந்தா ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கறா. ஆனா மாமா ஏன் வரல, மாமாவுக்கு உடம்பு சரியில்லையா, மாமா வந்தா அந்தப் பூனை வரையச் சொல்லணும். இதை மட்டும் அந்த உடைஞ்ச குரல்ல தினமும் கேட்டுக்கிட்டு இருந்தா. எவ்வளவு நாளைக்குக் கேட்டுக்கிட்டிருக்கிறது? உன் மூக்கைச் சுட்டது மாமா செஞ்ச குழாய்தான்னு சொன்னேன். வெறுக்கட்டும்னுதான் சொன்னேன். உனக்கு எதுக்கு மறைக்கணும்.

அழல. சாப்பிடறதை நிறுத்திட்டு, சுடும்னு மாமாவுக்குத் தெரியுமான்னு கேட்டா. தெரியாது, உன் மாமா எதையும் முழுசாப் பார்க்க மாட்டார்னு சொன்னேன். தட்டைக் காலி பண்ணிட்டு, தானே கொண்டு போய்க் கழுவி வெச்சா. ரொம்ப நேரம் குழாயைத் திறந்து விட்டுக் கழுவிக்கிட்டே இருந்தா.

இன்னைக்குக் காலையில டாக்டரம்மா போன் பண்ணினாங்க. என்கிட்டப் பேசல, அவகிட்டக் குடுக்கச் சொன்னாங்க. உனக்கு எப்படிப் பார்த்தா சரியா இருக்கும், நீயே சொல்லு, யார் கூட இருக்கணும்னும் நீயே சொல்லு, அப்படியே செய்யலாம்னு கேட்டிருக்காங்க. அவ போனைத் தூக்கிக்கிட்டு உள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. வெளிய வந்து போனை அப்பா கையில குடுத்தா. எனக்கு டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். அவ கேட்டதுக்கு அவங்க சிரிக்கல, சரின்னு ஒத்துக்கிட்டதாச் சொன்னாங்க. அதுக்காகக் குழாயும் ரெண்டு வரவழைச்சிட்டாங்க, தனித்தனியா கழுவி மூடி வெச்சது.

ரெண்டு எதுக்கா. அதைச் சொல்லத்தானே மாடி ஏறி வந்தேன்.

மாமா வரணும்னு சொல்லியிருக்கா. மொதல்ல மாமா அந்த நாற்காலியில உக்காரணும், டாக்டர் அவர் மூக்குல விடணும், அவர் கையை யாரும் பிடிக்கக் கூடாது, அவ பக்கத்துல நின்னு அவர் முகத்தைப் பார்க்கணும். அப்புறம் அவ உக்காருவா. அம்மா வெளியில இருக்கணும்னு சொல்லியிருக்கா.